மாடிப்படிக்கு எதிரே நின்றவள்

இராமநாதபுரம்
17 ஜனவரி 2024

அன்புள்ள முஹைதீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்று தானாகவே எழுந்து தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்தார்கள். உங்களுக்குச் சளி விட்டதா, மதினி ஊசி போட்டுக்கொண்டார்களா என்று தினமும் கேட்கிறார்கள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சரி, பாப்போம்" என்று வைத்துவிடுகிறீர்கள். எழுதினால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பீர்கள். அதனால்தான் ஷார்ஜா திரும்பும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கடை வளாகத்தில் ஒரு பிரச்சினை. பொங்கலுக்கு முந்தைய வாரத்திலிருந்து ஒரு பெண் முற்றத்தில் வந்து நிற்கிறாள். முதல் மாடியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருக்கிறாரே சஃபீர், அவருடைய மாடிப்படிக்கு எதிரே நிற்கிறாள். கையில் ஓர் அட்டை. அதில், "என் தம்பி பூமிநாதன் எங்கே? மாடியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. கத்துவதில்லை, யாரையும் மறிப்பதில்லை. காலையில் வந்து, கடைகள் மதியம் சாத்தும்போது போகிறாள். பெயர் பிச்சையம்மாள். உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம்.

சஃபீர் தினமும் மாடியில் என் ஆபீஸ் அறைக்கு வந்து சத்தம் போடுகிறார். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

தங்கச்சி
லாமியா


ஷார்ஜா
2 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி லாமியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். சளி போய்விட்டது. உம்மாவைக் குளிர்ந்த தரையில் உட்கார விடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். கப்பலார் வளாகம் நம்முடைய இடம். வாப்பா வாங்கி, நாம் கட்டியது. போராட்டம் செய்ய வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, போலீஸ் அனுமதி வாங்கி ரோட்டில் நிற்கட்டும். சஃபீர் நமக்கு வாடகைதாரர். அவர் நிம்மதியாகத் தொழில் செய்ய நாம்தான் வழிசெய்ய வேண்டும். அந்தப் பெண்ணிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கப்பல்களுக்கு மளிகை ஏற்றும் வேலை இந்த மாதம் கூடுதல். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அவள் தம்பியை எந்த ஊருக்கு அனுப்பியதாகச் சொல்கிறாள்?

உன் காக்கா
முஹைதீன்


இராமநாதபுரம்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நலம். ரமலானுக்குப் பச்சரிசி இடித்து வைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி நானே இறங்கிப் போனேன். வாட்ச்மேன் ஹசன் அலி பின்னால் வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, இது தனியார் இடம். இங்கே நிக்கக் கூடாது. ரோட்டுப் பக்கம் நின்னுக்கங்க" என்றேன்.

"தெரியும்மா, உங்க இடம்தான்" என்றாள். "ரோட்டுல நின்னேன். பெர்மிஷன் எங்கன்னு போலீசு கேட்டாக. கலெக்டராபீசுல மனு மேல மனு குடுத்தாச்சு. அங்கன நின்னு நான் கத்துனா, இங்கன இந்தப் படியில ஏறுற புள்ளைகளுக்குக் கேக்குமா? பாஸ்போட்டைக் கையில வச்சுக்கிட்டு ஏறுறாகல்ல, அவுக கண்ணுல படணும்."

அவளே மேலும் சொன்னாள்: "போகச் சொன்னா போயிருவேன். ஆனா வாட்ச்மேன விட்டுச் சொல்லாதீக. என்னையப் பாத்து நீங்களே சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை, காக்கா. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஷார்ஜாவில் ஓட்டல் சமையல் வேலை என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். போன புரட்டாசியில் கடைசியாகப் பேசினானாம். "அக்கா, என்னய ஓட்டல்ல விடல. சுத்தி தண்ணியா இருக்கு" என்று சொல்லும்போதே லைன் போய்விட்டதாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சஃபீர், "அவன் ஓடிப்போயிட்டான்" என்கிறார். அப்பா அம்மா இல்லாத வீடு. தம்பியை இவள்தான் வளர்த்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை ஒரு செல்போன் கம்பெனிக்காரர்கள் அதே முற்றத்தில் ஸ்பீக்கர் வைத்து, ஆட்டம் போட்டு, காது கிழியக் கத்தினார்கள். கேட்டதும் கொடுத்தோம். ஒருத்தி வாயைத் திறக்காமல் நிற்பதற்குத்தான் இவ்வளவு பேச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாமியா


ஷார்ஜா
4 மார்ச் 2024

தங்கச்சி லாமியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சுகம்.

சஃபீர் எனக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டார். காலி செய்வேன், கோர்ட்டுக்கும் போவேன் என்கிறார். நம் வக்கீலிடம் பேசினேன். பேச்சுரிமை என்று அரசியல் சட்டத்தில் இருப்பது முதலில் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தத்தான், தனியார் இடத்துக்குள் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது இன்னும் தீராத வாதம், இடத்துக்காரன் வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்றார். என் இடத்தில் யார் என்ன எழுதிக்கொண்டு நிற்பது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். நீ இளகிப்போனால் நாளைக்கு ஊரில் இருக்கிற எல்லாரும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடு. எனக்காகத் துஆ செய்யும்படி உம்மாவிடம் சொல்.

முஹைதீன்


இராமநாதபுரம்
25 மார்ச் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. இந்த வெயிலிலும் உம்மா ஒன்றைக்கூட விடவில்லை.

உங்கள் பேச்சைத் தட்டக் கூடாது என்று, போன வாரம் அவள் முகத்தைப் பார்த்து நானே சொன்னேன். "சரிம்மா" என்றாள். அட்டையை மடித்தாள். ஹசன் அலியிடம் "வாரேன் பாய்" என்றாள். போய்விட்டாள்.

நோன்பு தொடங்கியதிலிருந்து அவள் என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் வளாகத்துக்குப் பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவாளாம். நோன்பு வைத்த மனுஷன் எதிரில் குடிக்கக் கூடாதாம். அவள் போனபிறகுதான் ஹசன் அலி இதைச் சொன்னார்.

மறுநாள் நம் கேட்டுக்கு வெளியே சாக்கடை ஓரமாக நின்றிருக்கிறாள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று போலீஸ் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டது. அந்த நேரத்தில் நான் என் அறை ஜன்னலில் நின்றேன். கமுதிப் பக்கத்துப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டுகளோடு சஃபீர் ஆபீசுக்கு ஏறினான். கூடவே அவன் அப்பா, தோளில் துண்டோடு. ஒரு பெண் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்டாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தது யார்? சஃபீர் இல்லை, காக்கா. நாம்தான்.

புர்காவை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். "இந்தம்மா எங்க எடத்துல நிக்கிறவுக. எடத்துக்காரி நான். எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல" என்று எழுதிக்கொடுத்துக் கூட்டிவந்தேன். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்க அண்ணன் வைய மாட்டாகளா?"

இப்போது கேட்டில் என் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வழியை மறிக்காமல், யாரையும் மிரட்டாமல், தன் குறையைச் சொல்ல யார் வந்தாலும் முற்றத்தில் நிற்கலாம் என்று.

வளாகத்தில் பாதி என் பெயரில் இருக்கிறது. இதுவரை அதை நான் உங்களிடம் சொல்லிக்காட்டியதில்லை. இனியும் சொல்லமாட்டேன். கோபப்பட்டால் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

லாமியா


இராமநாதபுரம்
18 மே 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளும் போய்விட்டது. பெருநாள் அன்று போனில் உம்மாவிடம் பேசினீர்கள். என்னிடம் கொடுப்பதற்குள் லைன் போய்விட்டது என்றார்கள். இருக்கட்டும்.

மதினி நலமா? இங்கே அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது.

சஃபீர் கோர்ட்டுக்குப் போய்விட்டார், முற்றத்தில் அவள் நிற்கக் கூடாது என்று தடை கேட்டு. நம்மவர்களில் சிலர் வீட்டுக்கு வந்து, "நம்ம புள்ளைக்கு எதிரா வேத்து ஊர்க்காரிய நிப்பாட்டி வச்சிருக்கீகளே" என்று உம்மாவிடம் கேட்டார்கள். உம்மா அவர்களுக்குச் சர்பத் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "அவ கேக்குறது தம்பியத்தான. நம்ம வாசல்ல நின்னு ஒருத்தி பேசுனா நம்ம வாசல் சின்னதாப் போயிருமா?" வந்தவர்கள் சர்பத்தைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். சஃபீர் போன வாரம் பெரிய பிளக்ஸ் அடித்து, அவளுடைய அட்டைக்குப் பக்கத்திலேயே கட்டினார். "பொய் சொல்லிப் பிழைக்கும் பெண்ணை நம்பாதீர்கள்" என்று. ஹசன் அலிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றை அறுக்கப் போனார். பிச்சையம்மாள் தடுத்துவிட்டாள்.

"விடுங்க பாய். அவரு சொல்லுறத அவரும் சொல்லட்டும். படிக்கிறவுக ரெண்டையும் படிக்கட்டும்."

நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வக்கீல்கள் கட்டுக் கட்டாகப் புத்தகம் வைத்துப் பேசுவதை இவள் நின்ற இடத்திலேயே செய்துவிட்டாள் என்று தோன்றியது. இத்தனை நாளும் அவள்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அது மரியாதையாகிவிட்டது.

பதில் போடுங்கள், காக்கா.

லாமியா


ஷார்ஜா
9 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி லாமியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம். பதில் எழுத முடியாதபடி வேலை. துறைமுகத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. கடல்காற்றில் முகமெல்லாம் கறுத்துவிட்டது என்று உன் மதினி சிரிக்கிறாள்.

சஃபீர் விஷயத்தில் நான் இனி ஒன்றும் சொல்வதாக இல்லை.

நீ ஒருநாள் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நீயே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாயாமே, அவளுக்குக் காய்ச்சல் என்று. உம்மா சொன்னார்கள். நீ எழுதவில்லை.

அவள் தம்பிக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டா? சும்மா கேட்டேன்.

உன் காக்கா
முஹைதீன்


இராமநாதபுரம்
12 ஜூலை 2024

என் அன்புக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நலம், நான் நலம், ஊரே நலம் என்று எழுதத் தோன்றுகிறது.

தழும்பு உண்டு, உம்மா போனில் சொல்லியிருப்பார்கள். சின்ன வயதில் கருவேலங்கொம்பு கிழித்ததாம். நான் கேட்டதும் பிச்சையம்மாள் முகம் வெளுத்து, "ஏம்மா கேக்குறீக? ஏன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாதே.

நேற்று முன்தினம் பூமிநாதன் போன் செய்துவிட்டான்! முற்றத்தில் நிற்கும்போதே அவளுக்குப் போன் வந்தது. அட்டை கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஏலே, சாப்பிட்டியா? ஏலே, சாப்பிட்டியா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜவுளிக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், பொருள் வாங்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

ஒரு சின்ன சரக்குக் கப்பலில் அவனைச் சமையலுக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். முதலாளி நொடித்துப்போய்க் கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு அப்படியே விட்டுவிட்டானாம். பாஸ்போர்ட் எல்லாம் அவன் கையில். இறங்க வழியில்லை, சாப்பாடும் இல்லை. ஒருநாள் நம் பக்கத்துப் பேச்சுப் பேசும் பெரியவர் ஒருவர் லாஞ்சுப் படகில் வந்து அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தண்ணீர் எல்லாம் ஏற்றிவிட்டு, பேசுவதற்கு ஒரு போனும் கொடுத்திருக்கிறார். பேர் கேட்டதற்குச் சொல்லவில்லையாம். "ராமநாதபுரத்துல ஒன் அக்கா நிக்கிறா. மொதல்ல அவகிட்டப் பேசு" என்றாராம்.

காக்கா, நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அட்டை மாறியிருந்தது. "என் தம்பி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அதே கப்பலில் இருக்கும் மற்றவர்கள் வீட்டுக்குத் தெரியுமா?" என்று எழுதியிருந்தாள். இன்று, தங்கள் வீட்டு ஆட்களும் அதே கப்பலில் என்று, தங்கச்சிமடத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து அவளோடு நிற்கிறார்கள்.

உங்கள் முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி உம்மா உத்தரவு.

லாமியா


ஷார்ஜா
3 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி லாமியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எண்ணெய் தடவிக்கொண்டேன் என்று உம்மாவிடம் சொல்.

அந்தக் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதுகிறேன். அதிலிருந்தவர்கள் ஒரு படுக்கை விரிப்பில் கரிக்கட்டையால், "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கரைப்பக்கமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கப்பல்காரனின் ஆள் படகில் வந்து அதைக் கிழித்தான். "இது எங்க கப்பல். இதுல எவனும் எழுதக் கூடாது" என்றான். அவன் போனதும் அந்தப் பூமிநாதன் வேறொரு விரிப்பை எடுத்துவந்து முடிச்சுப் போட்டுக் கட்டினான். அக்காளைப் போலத்தான் தம்பியும்.

"எங்க கப்பல்." மார்ச்சில் நான் உனக்கு எழுதினேனே, "என் இடத்தில்" என்று. அதே பேச்சுதான். அடுத்தவன் வாயில் கேட்டபோது அதன் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

தூதரகத்தில் காகிதம் நகர்கிறது. இன்ஷா அல்லாஹ், எல்லோரும் ஊர் வந்து சேர்வார்கள். கோர்ட்டுக்கு என் தரப்பாகவும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முற்றத்தில் அவர்கள் நிற்பதில் உரிமையாளர்கள் இருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று. கேட்டில் நீ ஒட்டிய தாளில் என் பெயரையும் சேர்த்துவிடு.

உனக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று உன் மதினி கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பெருமையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முஹைதீன்


இராமநாதபுரம்
21 நவம்பர் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உம்மாவுக்கு முட்டு மறுபடி பிடித்துக்கொண்டது, மற்றபடி சுகம். நீங்கள் தை மாதம் வருவதைக் கேட்டதிலிருந்து மாடி அறையைக் கழுவச் சொல்லி என் உயிரை எடுக்கிறார்கள்.

பூமிநாதனும் மற்றவர்களும் வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னேன். கோர்ட் விஷயத்தை விவரமாக எழுதுகிறேன். வழி மறிக்கப்படவில்லை, இடத்துக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை, அட்டையில் இருப்பது அவதூறு என்றால் அதற்குத் தனியாக வழக்குப் போடட்டும், நிற்பதற்குத் தடை இல்லை என்று சொல்லிவிட்டார் நீதிபதி. சஃபீர் அந்த வழக்கைப் போடவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அவருக்கு உரிமமே இல்லை என்பது விசாரணையில் வெளிவந்து, ஆபீசுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பிச்சையம்மாள் மிளகாய் நடவுக்கு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது உம்மாவைப் பார்த்து, "வாரேன் தாயி. இனி நிக்க வேல இல்ல" என்றாள்.

நேற்று வேறொன்று நடந்தது. கடை திறக்கும் நேரத்தில் ஹசன் அலி ஓடிவந்தார். "லாமியாம்மா, கீழ வந்து பாருங்க." நம் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்கள் நால்வர் வரிசையாக நிற்கிறார்கள். அட்டையில் எழுதியிருந்தது: "கடைக்காரருக்கெல்லாம் கழிப்பறைச் சாவி உண்டு. கழுவுகிற எங்களுக்கு ஏன் இல்லை? கப்பலார் குடும்பம் பதில் சொல்ல வேண்டும்."

நம் குடும்பப் பெயர், காக்கா. கொட்டை எழுத்தில். ஜவுளிக்கடைக்கு வந்த கூட்டம் நின்று வாசிக்கிறது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை செய்த எனக்கே இப்படியா, மேலே வந்து ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று. "அனுப்பவா?" என்று ஹசன் அலி கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வந்தேவிட்டது.

நின்றுகொண்டே அட்டையை இன்னொரு தடவை வாசித்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர்களில் மூத்தவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் அட்டையைக் கீழே இறக்கவில்லை.

"மேல வந்து கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டோம்மா" என்றாள். "போன வருசமே கேட்டோம். பாப்போம்னு சொன்னீக."

சொல்லியிருப்பேன். எனக்கு நினைவுகூட இல்லை.

"நிக்கட்டும்" என்று ஹசன் அலியிடம் சொன்னேன். "தூறல் விழுது, அட்டை நனையும். தார்ப்பாய் இருந்தா கட்டிக் குடுங்க." பிறகு சாவி செய்கிறவரைக் கூட்டிவர நானே கிளம்பினேன். கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் அங்கேயேதான் நின்றார்கள். சாவி கைக்கு வரும்வரை அவர்கள் நிற்கத்தான் வேண்டும்.

வரும்போது உம்மாவுக்கு முட்டுக்குக் கட்டும் பட்டை வாங்கிவாருங்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய சலாமும்.

உங்கள் தங்கச்சி
லாமியா